காலிக் கல்வெட்டில் ஒரு கடற்படைத் தலைவர்

தமிழ் மாணவர்க்குக் கல்வெட்டியல் பாடம் நடத்துங்கால் ஆண்டுதோறும் நாம் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் ஒளிப்படத்தைக் காட்டியவுடன், வகுப்பின் ஏதேனும் ஒரு மூலையிலிருந்து அது எழும்: "சீனப் பேரரசர் அனுப்பிய கல்லில் தமிழ் எதற்கு ஐயா?" விடை கூறத் தொடங்கினால் பாடவேளை போதாது. அக்கல்லை ஏந்திக் கடல் கடந்து வந்த மனிதரின் வரலாற்றைச் சொல்லாமல் அவ்வினாவிற்கு முழுவிடை இல்லை. வகுப்பில் சொல்லி முடியாததை இம்மலரில் எழுத முற்படுகிறோம்.

1911-ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் இக்கல் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. தலைப்பகுதியில் எதிரெதிரே நோக்கும் இரு பறவைநாகங்கள். அவற்றின் கீழ்ச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் எழுத்துகள். சீனப் பகுதியில் காணப்படும் நாள் 1409-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களுக்கு ஒத்தது. கல் நான்ஜிங் நகரில் ஆயத்தமாகிக் கப்பலில் ஏற்றப்பட்டது என்பதே அறிஞர் கருத்து. கொணர்ந்தவர் மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ.

இம்மூன்று பகுதிகளும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல என்பதே இக்கல்லின் தனிச்சிறப்பு. சீனப்பகுதி புத்தர்பிரானைப் போற்றிக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாரை, அதாவது இலங்கையின் தென்கோடியில் இன்று தெவிநுவர எனப்படும் ஊரில் கோயில்கொண்டிருந்த திருமாலை வாழ்த்திக் காணிக்கை செலுத்துகிறது. பெரிதும் சிதைந்துபோன பாரசீகப்பகுதி இசுலாத்தின் பெயரால் காணிக்கை செலுத்துகிறது. பொன் 1,000, வெள்ளி 5,000 எனத் தொடங்கிப் பட்டு, நறும்புகைப் பொருள், எண்ணெய் என விரியும் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. ஒருவருக்குக் கூட்டியும் மற்றவர்க்குக் குறைத்தும் எழுதவில்லை. தேனவரைக் கோயிலின் சிறப்பை இதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும் குறித்துள்ளார். அக்கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588-இல் அழித்தனர்.

இனி, தமிழ் எதற்கு என்ற வினா. அந்நாளில் இந்துமாக்கடல் துறைமுகங்களின் வணிக மொழிகளுள் தமிழும் ஒன்று. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டிலேயே, தமிழும் சீனமும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்றைத் தமிழ் வணிகர் ஒரு சிவன் கோயிலுக்காக நாட்டியிருந்தனர். சீனர்க்குத் தமிழ் எழுத்து புதிய காட்சி அன்று. காலித் துறையில் வந்திறங்கும் வணிகர் எம்மொழிகளைப் படிப்பர் என்பதை நான்ஜிங்கில் அமர்ந்திருந்தோர் அறிந்திருந்தனர், அறிந்தே எழுதினர். மொழிப்பெருமை பேசுவதற்கு நாம் இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம். அதைவிட, பிறர் துறைமுகத்திற்குள் நுழையுமுன் அங்குள்ளோர் மொழியையும் வழிபாட்டையும் கேட்டறிந்துகொள்ளும் பணியொழுங்கு ஒரு கடற்படைக்கு இருந்தது என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அப்படையின் தலைவர் கடற்கரையில் பிறந்தவர் அல்லர். சீனத்தின் தென்மேற்கே மலைநாடாகிய யுன்னானில், தியான் ஏரிக்கரையில் உள்ள குன்யாங் என்னும் ஊரில் 1371-இல் ஓர் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் மா. இட்ட பெயர் ஹோ. தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என்னும் அடைமொழியாலேயே அறியப்பட்டவர்கள். கடலுக்கு வெகுதொலைவில் உள்ள அம்மலையூரிலிருந்து அவ்விருவரும் மக்கா சென்று மீண்டவர்கள் என்பதே அதன் பொருள். தூரநாடுகளைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் சிறுவன் காதில் விழாமலா இருந்திருக்கும்?

அந்நாளில் யுன்னான் மங்கோலிய ஆட்சியின் கடைசிப் புகலிடமாக இருந்தது. 1381-இல் மிங் படைகள் உட்புகுந்தன. 1382-இல் தந்தை 39-ஆம் அகவையில் மறைந்தார். பத்துப் பதினோரு வயதுச் சிறுவன் படைவீரர் கையில் சிக்கினான். வெற்றி கொண்ட படை, தோற்றோரின் சிறுவர்களை விதையடித்து அரண்மனை ஏவலுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். அக்கொடுமை இச்சிறுவனுக்கும் நேர்ந்தது. பின்னர் வடபுலத்தில், இன்றைய பெய்ஜிங்கில் இருந்த இளவரசர் சூ தீயின் மாளிகைக்கு அவன் அனுப்பப்பட்டான்.

தந்தையை, ஊரை, குலத்தொடர்ச்சியை ஒருசேர இழந்த அச்சிறுவன் அந்த இளவரசரின் நம்பிக்கைக்கு உரியவனாக வளர்ந்தான். 1399 முதல் 1402 வரை அரியணைக்காகத் தம் அண்ணன் மகனை எதிர்த்து இளவரசர் நிகழ்த்திய போரில் மா ஹோ உடன் நின்றார். பெய்ஜிங்கை அடுத்த செங்லுன்பா என்னுமிடத்தில் அவர் காட்டிய வீரத்தை நினைவுகூர்ந்து, யோங்லோ பேரரசராக முடிசூடிய இளவரசர் 1404-இல் அவருக்குச் செங் என்னும் புதிய குடும்பப்பெயரை வழங்கினார். தரைப்போரில் கிடைத்த இப்பெயரே பின்னர்க் கடல்தோறும் ஒலித்தது.

1405-இல் முதற் கடற்செலவுக்கு ஆணை பிறந்தது. 34 வயதினரான செங் ஹோ அரசத் தூதராகவும் படைத்தலைவராகவும் ஒருங்கே அமர்த்தப்பட்டார். புறப்படுமுன் அவர் செய்த ஒரு செயலை வரலாற்று நூல்கள் போகிற போக்கில் குறிக்கின்றன. நாம் சற்றே நின்று நோக்குவோம். சடங்குத்துறை அமைச்சரிடம் தம் தந்தைக்கு ஒரு நினைவுரை எழுதித்தருமாறு வேண்டினார். 1405-ஆம் ஆண்டு நாளிட்ட அந்நினைவுக்கல் குன்யாங்கில் நடப்பட்டது. தந்தையின் ஈகைப் பண்பையும், அவருக்கு ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் நால்வர் என்பதையும், இளைய மகன் பேரரசரால் சிறப்புப் பெற்றதையும் அது கூறுகிறது. சிறுவன் எவ்வாறு அரண்மனைக்கு வந்து சேர்ந்தான் என்பதை அது பேசவில்லை. 1411-இல் மூன்றாம் செலவு முடிந்தபின் அவர் விடைபெற்றுச் சென்று முன்னோர் அடக்கத்தலத்தைக் கண்டதை அக்கல்லின் பின்புறத்துக் குறிப்பு தெரிவிக்கிறது. பிடித்துச்செல்லப்பட்டு ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முதற் செலவில் சென்றோர் தொகை 27,800-க்கும் மேல். பெருங்கப்பல்கள் 62 என்று மிங் வரலாறு கூறும். படைவீரர், மாலுமியர், எழுத்தர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், தச்சர், கொல்லர் எனப் பல தொழிலினர் அவற்றில் இருந்தனர். பெருங்கப்பலின் நீளம் 44 சாங் என்று அந்நூல் குறிப்பது இன்றைய அளவில் 130 மீட்டருக்கும் மிகும். மரத்தாற் செய்த கப்பல் அத்துணை நீளம் தாங்காது, அதில் பாதியளவே இருந்திருக்கும் என்போர் பலர். நான்ஜிங்கின் பழைய கப்பல் கட்டுமிடத்தில் சென்ற நூற்றாண்டின் நடுவில் கிடைத்த சுக்கான் தண்டு ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுடையது. அதனைக் கொண்டு இருதரப்பினரும் வாதிடுவர். குதிரைக்கப்பல், உணவுக்கப்பல், போர்க்கப்பல் என அளவோடு தரப்படும் பட்டியலோ 1597-இல் வெளிவந்த ஒரு புதினத்திலிருந்து வந்தது. ஆகவே மாணவர்கள் அதனை வரலாறாக எடுத்தாளுதல் கூடாது.

கப்பலின் நீளத்தைவிட அது வழிகண்ட முறை நமக்கு வியப்பளிக்கிறது. திசைக்கு நீரில் மிதக்கும் காந்த ஊசி. நேரத்திற்கு அளந்து செய்த ஊதுவத்தி. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளைப் பத்துக் கூறாக்கி, இத்தனை கூறு இத்திசையில் ஓடுக என்று வழி குறித்தனர். இந்துமாக்கடலில் துருவ விண்மீனின் உயரத்தை விரல் கணக்கில் அளந்தனர். அரபு மாலுமியரும் அதே விரற்கணக்கையே பயன்படுத்தினர். 17-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'வூ பெய் சீ' என்னும் படைக்கலை நூலில் இவ்வழிக்குறிப்புகள் அடங்கிய நெடும்படம் ஒன்று இடம்பெற்றுள்ளது. நான்ஜிங் முதல் ஆப்பிரிக்கக் கரை வரை அது நீள்கிறது.

பருவக்காற்றே இச்செலவுகளின் பஞ்சாங்கம். வாடைக்காற்றில் ஃபூஜியான் கரையிலிருந்து புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்ப வேண்டும். இடையில் காத்திருக்க மலாக்காவில் ஒரு கிடங்கு அமைத்தனர். மதிற்சுவர் போன்ற வேலி, நான்கு வாயில்கள், காவற்கோபுரங்கள், இரவுக்காவல், உள்ளே இரண்டாம் வேலி, அதனுள் பண்டசாலைகள் என்று அதனை மா ஹுவான் விரித்துரைக்கிறார். பல திசைக்குப் பிரிந்து சென்ற கப்பல்கள் அங்கு வந்து கூடிக் காற்றுக்குக் காத்திருந்தன.

இந்த மா ஹுவான் நான்காம் செலவு முதல் மொழிபெயர்ப்பாளராக உடன்சென்ற இசுலாமியர். அவர் எழுதிய பயணநூல் இல்லையேல் நாம் அறிவது பாதியாகக் குறைந்திருக்கும். கள்ளிக்கோட்டையில் விலைபேசும் முறையை அவர் சுவையாகக் கூறுகிறார்: பேரம் முடிந்து கையோடு கை சேர்த்துவிட்டால் விலை ஏறினாலும் இறங்கினாலும் சொல் மாறுவதில்லையாம். கணக்கர்கள் மணிச்சட்டமின்றிக் கைவிரல் கால்விரல் இருபதையும் கொண்டே பிழையறக் கணக்கிட்டனராம். கொச்சியில் செட்டிகளையும் முக்குவரையும் அவர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். நம் தென்பாண்டிக் கடற்கரையின் காயல் துறையும் செங் ஹோ சென்ற நாடுகளின் பட்டியலில் மிங் வரலாற்றில் உண்டு.

இவற்றையெல்லாம் படிப்போர்க்குச் செங் ஹோ ஆயுதம் தொடாத நல்லெண்ணத் தூதர் என்ற தோற்றம் ஏற்படலாம். இக்காலத்தில் அவ்வாறு எழுதுவோரும் மிகுதி. அது முழுமையன்று. முதற் செலவிலேயே பாலெம்பாங்கில் கடற்கொள்ளைத் தலைவன் சென் சூயீயை எதிர்த்து நடந்த போரில் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிடிபட்ட அவன் 1407-இல் நான்ஜிங்கில் கொல்லப்பட்டான். 1415-இல் சுமத்திராவில் அரசுரிமைப் போரில் தலையிட்டுச் செகந்தர் என்பவனைச் சிறைபிடித்தார்.

நம்மை மிகுதியும் நின்று எண்ணச் செய்வது இலங்கை நிகழ்ச்சியே. மூன்று சமயத்தார்க்கும் ஒத்த காணிக்கை பொறித்த கல்லைக் கொணர்ந்த அதே மூன்றாம் செலவில், அதே தீவின் ஆட்சியாளரான அழகேசுவரரோடு போர் மூண்டது. அழகேசுவரரின் பெரும்படை கப்பல்களைத் தாக்கச் சென்றிருந்த வேளையில், செங் ஹோ 2,000 வீரரோடு வேறு வழியாகச் சென்று தலைநகரைக் கைப்பற்றி, அரசரையும் குடும்பத்தையும் சிறைப்படுத்திச் சீனம் கொண்டுசென்றார் என்று மிங் வரலாறு கூறுகிறது. 1411-இல் பேரரசர் முன் நிறுத்தப்பட்ட அவர் மன்னிக்கப்பட்டார். ஆயினும் அவரிடத்தில் வேறொருவரை அரசராக்கச் சீன அரசவை முடிவு செய்தது. போரைத் தொடங்கியவர் அழகேசுவரரே என்பது சீனர் தரப்பு. வெற்றி பெற்றோர் எழுதிய வரலாறு அது என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஊர் வீழ்ந்து, குடும்பத்தோடு சிறைப்பட்டு, தூரத்து அரசவைக்கு இழுத்துச் செல்லப்படுவது எத்தகையது என்பதைச் செங் ஹோவை விட நன்கறிந்தவர் அக்கப்பலில் எவர் இருந்திருப்பர்? அவர் அதனை நினைத்தாரா என்பதை எந்தக் கல்லும் கூறவில்லை. காலிக் கல்லும் உண்மை. அழகேசுவரர் சிறைப்பட்டதும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதை மறைத்தல் ஆராய்ச்சியாளர் செயலன்று.

ஆறு செலவுகள் 1422-க்குள் முடிந்தன. ஹோர்முஸ், ஏடன், கிழக்காப்பிரிக்கா வரை கப்பல்கள் சென்றன. மலிந்தி நாட்டார் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி 1415-இல் சீன அரசவையை அடைந்து, மங்கலவிலங்கென்று கொண்டாடப்பட்ட செய்தி பலரும் அறிந்ததே.

அவருடைய சமயவாழ்வு பற்றி வினவுவோர் உண்டு. 1413-இல் சீஆன் நகரப் பள்ளிவாசலைச் சேர்ந்த ஹசன் என்பவரை மொழிபெயர்ப்பாளராக உடன்சேர்த்துக் கொண்டதாக அங்குள்ள ஒரு கல்வெட்டு கூறும். 1417-இல் சுவான்சௌவில் இசுலாமியப் பெரியார்களின் அடக்கத்தலத்தில் அவர் வழிபட்டதை அங்குள்ள கல் காட்டும். அவருக்குப் பௌத்தப் பெயர் ஒன்று இருந்ததற்கும், மாலுமியர் வணங்கும் கடலன்னைக்குக் கோயில் எடுத்ததற்கும் சான்றுகள் உள. இவற்றுள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வோர் பலர். பல்வேறு நம்பிக்கையினர் ஆயிரக்கணக்கில் தம்மை நம்பிக் கலமேறியிருக்க, அவரவர் வேண்டுதலுக்கும் இடமளிப்பது தலைவரின் கடமை என அவர் கருதியிருக்கலாம் என்றே நாம் எண்ணுகிறோம்.

1424-இல் யோங்லோ பேரரசர் மறைந்தார். அடுத்து வந்தவர் கடற்செலவுகளை நிறுத்தினார். 1425-இல் செங் ஹோ நான்ஜிங் நகரக் காவற்படைத் தலைவரானார். கடலில் 17 ஆண்டுகளைச் செலவிட்டவர்க்குக் கோட்டைக்காவலும் கட்டடப்பணி மேற்பார்வையும் வாய்த்தன. கப்பல்கள் துறையில் கிடந்தன.

1430-இல் புதிய பேரரசர் ஷுவான்தே ஏழாம் செலவிற்கு ஆணையிட்டார். செங் ஹோவுக்கு அகவை 60-ஐ நெருங்கியது. காற்றுக்காகச் சாங்லே துறையில் காத்திருந்த 1431-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே ஒரு கல் நாட்டினார். 1930-களில் மீண்டும் வெளிப்பட்ட அக்கல்லே அவருடைய செலவுகளை வரிசைமுறையாக அறிய நமக்குக் கிட்டிய தலையாய சான்று. கடந்த தொலைவு ஒரு நூறாயிரம் லீ-க்கு மேல், கண்ட நாடுகள் முப்பதிற்கு மேல் எனக் கணக்குக் காட்டி, ஒவ்வொரு செலவிலும் நடந்ததை அது சுருங்கச் சொல்கிறது. ஓய்வுபெறும் அலுவலர் தம் பணிப்பதிவேட்டைத் தாமே சரிபார்த்து ஒப்படைப்பது போன்ற நடை அது. தம் ஆவணங்களைத் தம் காலத்திற்குப்பின் எவரும் பேணமாட்டார் என்று ஐயுற்றாரோ என்னவோ!

ஐயுற்றிருப்பின் அது பொய்க்கவில்லை. 1470-களில் இச்செலவுகளின் ஆவணங்களை அரண்மனையார் தேடியபோது, போர்த்துறை அலுவலரான லியூ தாசியா அவற்றை ஒளித்துவைத்தார் என்றும் எரித்தார் என்றும் கூறுவர். நாட்டின் பொன்னும் தானியமும் கணக்கின்றி வீணாயின, எண்ணற்றோர் மடிந்தனர் என்பது அவர் கூறிய காரணம். அவரை அறிவிலி என்று ஏசுவது எளிது. 1449-இல் பேரரசரையே மங்கோலியர் சிறைபிடித்துச் சென்றதைக் கண்ட தலைமுறை அது. வடவெல்லைக்குப் பணம் வேண்டும். அது கடலில் போகிறது என்று ஓர் அலுவலர் கவன்றதில் நேர்மை இல்லாமல் இல்லை. எனினும் செலவை நிறுத்துதல் வேறு, ஏட்டை அழித்தல் வேறு.

ஏழாம் செலவில் கப்பல்கள் கள்ளிக்கோட்டையை அடைந்தபோது, மக்கா நோக்கிச் செல்லும் ஒரு கலத்தில் ஏழுபேர் அனுப்பப்பட்டனர். அவர்கள் ஓராண்டுக்குப் பின் மீண்டு, கஃபாவின் உருவத்தை வரைந்து கொணர்ந்ததாக மா ஹுவான் எழுதுகிறார். செங் ஹோ மக்கா சென்றதாக எச்சான்றும் இல்லை. ஹாஜியின் மகனும் ஹாஜியின் பேரனுமாகிய அவர், தம் ஆணையின்கீழ் இருந்த கப்பல்கள் ஏடன் வரை சென்று மீண்டபோதும், பணியை விட்டு அவ்வழியில் திரும்பியதாகத் தெரியவில்லை. அவ்வோவியத்தை அவர் கண்ணால் கண்டிருப்பாரா என்பதும் ஐயமே. ஏனெனில் 1433-இல் திரும்பும் வழியில் கள்ளிக்கோட்டையில் அவர் மறைந்தார் என்பதே பலரும் ஏற்கும் கருத்து. நாடு திரும்பி 1435-இல் மறைந்தார் என்போர் சிலர்.

நான்ஜிங்கை அடுத்த நியூஷௌ மலைச்சாரலில் அவர் பெயரால் ஒரு கல்லறை உள்ளது. 1985-இல் அதனை இசுலாமிய முறைப்படிப் புதுப்பித்தனர். உள்ளே உடல் இல்லை என்றே கருதப்படுகிறது.